கொத்தவா, மருந்தடிக்கவா?

வாசகர் கேள்வி பதில்: வீட்டுத் தோட்டம்

ஐப்பசி மழை விழுந்தால் நம் பக்கம் சித்திரை முழுக்கக் காய்ந்து கிடந்த புறவாசல்கூட பத்து நாளில் பச்சை கட்டிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் களைதான் அதிகம். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அண்ணாச்சி, வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடம். தென்னை மூணு, முருங்கை, கறிவேப்பிலை, ஓரமாகக் கொஞ்சம் கத்தரி, வெண்டை. மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குக் களை. கொத்த ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. உரக்கடையில் "ஒரே அடியில எல்லாம் போயிரும்" என்று கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பாட்டிலைக் காட்டுகிறார்கள். அடிக்கலாமா?
வாசகர், பாளையங்கோட்டை

வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

ஐந்து சென்ட்டில் தளம், நடைபாதை, கிணற்றடி போனால் மண் தரை மூன்று சென்ட் தேறும். சென்ட்டுக்கு இரண்டு லிட்டர் கலவை, லிட்டருக்கு 10 மில்லி மருந்து என்று வைத்தால் (41 சதவீதக் கிளைபோசேட்டுக்கு வழக்கமான அளவு) உங்கள் தேவை 60 மில்லி. கடையில் பெரும்பாலும் கிடைப்பது அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில். மிச்சத்தை எங்கே வைப்பீர்கள்? மோட்டார் அறையிலும் மாடிப்படி அடியிலும் வருஷக்கணக்கில் கிடக்கும் அந்த மிச்சம், அடித்த மருந்தைவிடப் பெரிய தொல்லை.

சட்டமும் இருக்கிறது. கிளைபோசேட்டை பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்யும் உரிமதாரர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பும் இந்தியாவில் அது பதிவு பெற்றிருந்தது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் அடிக்க யாரும் அதைப் பதிவு செய்யவில்லை.

உங்கள் மரங்களையும் பாருங்கள். வளர்ந்த தென்னையின் பழுப்புத் தண்டில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் தென்னங்கன்று, பப்பாளி, இளம் முருங்கை என்று பச்சைத் தண்டு உள்ள எதுவும் தோல் வழியாகவே மருந்தை இழுத்துக்கொள்ளும். கறிவேப்பிலையைச் சுற்றிக் கிளம்பும் பக்கக்கன்றுகள் வேர் வழியே தாயோடு இணைந்தவை. களை என்று நினைத்து அவற்றின் மேல் அடித்தால் தாய்ச்செடி வாங்கிக்கொள்ளும். வாழைப் பக்கக்கன்றும் அப்படியே.

கூலி கட்டுப்படியாகவில்லை என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கூலி, களையை முழங்கால் வரை வளரவிட்டதற்கான கூலி. இரண்டு இலைப் பருவத்தில் களைக்கு வேரே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். மழை விட்டு மூன்று நாலு நாளில் தரையில் பச்சைப் பொடி தூவினாற்போலத் தெரியும்போது, நீளக் கைப்பிடி போட்ட களைக்கொத்தியால் நின்றபடியே மண்ணைச் சுரண்டிவிட்டால் போதும். கொத்தி 2, 3 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆழமாகக் கொத்தினால் அடியில் புதைந்து கிடக்கும் விதைகள் மேலே வந்து, அடுத்த தூறலுக்கு இன்னொரு தலைமுறை முளைக்கும். "போன வாரம்தான் கொத்தினேன், அதுக்குள்ள வந்துட்டு" என்று நீங்கள் சொல்வதற்குப் பாதி காரணம் இந்த ஆழம்தான்.

கொத்தியின் வாயை வேலைக்கு முன் அரத்தால் நாலு இழு இழுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கொத்தி களையை அறுக்காது, மடக்கிப் போடும். நல்ல வெயில் ஏறும் நாளாகப் பார்த்துக் காலையில் சுரண்டினால் மாலைக்குள் எல்லாம் கருகிவிடும். மூடாப்பு நாளில் சுரண்டினால் பாதி மறுபடி வேர் பிடிக்கும். சாரணைக்கும் பருப்புக்கீரைக்கும் இந்தக் கெட்டி உயிர் உண்டு, அவற்றை அள்ளி வெளியே போட்டுவிடுவது நல்லது.

இப்போது முழங்கால் உயரத்தில் நிற்பதை என்ன செய்ய? பன்னருவாளால் தரையோடு ஒட்ட அறுங்கள். பூவும் விதையும் இல்லாததை அங்கேயே தென்னைப் பாத்தியில் பரப்பலாம். விதை பிடித்ததைத் தனியாகச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஒரு வாரம் கழித்து, அடித்தாளில் துளிர் வரும்போது ஒரு சுரண்டல். அதிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை, தை பிறக்கும் வரை. மூன்று சென்ட்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். காய்கறிப் பாத்திதான் முதலில், ஏனென்றால் நாற்று நட்டு முதல் முப்பது, நாற்பது நாள்தான் களை விளைச்சலைத் திருடும் காலம். அதற்குப் பிறகு செடியே நிழல் கட்டிவிடும்.

தென்னைப் பாத்திக்கு மூடாக்கு. வாழைச்சருகு, வைக்கோல், தென்னை மட்டையைத் துண்டாக்கியது, எது கிடைக்கிறதோ அது. மூன்று நாலு அங்குல கனம் வேண்டும். அதற்குக் குறைந்தால் இடுக்கில் வெளிச்சம் போய்க் களை எழுந்துவிடும். ஆறடி விட்டப் பாத்தி ஒன்றுக்கே அமுக்கிக் கட்டிய நாலைந்து சாக்குச் சருகு தேவைப்படும், அதனால் தோட்டம் முழுக்க மூடாக்கு என்று கிளம்பாமல் மரத்தடியோடு நிறுத்துங்கள். தண்டிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். செம்மண் தோட்டமாக இருந்தால் பனையோலையைத் தவிர்க்கலாம், கறையான் அதைத்தான் முதலில் தேடி வரும்.

கோரை. எவ்வளவு பிடுங்கினாலும் நாலாம் நாள் முளைத்து நிற்கிறது. கத்தரிப் பாத்தி முழுக்க அதுதான். கைவேலையில் கோரையை ஒழிக்கவே முடியாதா? மருந்து ஏதும் உண்டா?
வாசகி, சேரன்மகாதேவி

முடியும், ஆனால் பிடுங்கி முடியாது. பக்கத்தில் பத்தமடைக்காரர்கள் பாய் முடைவதும் கோரைதான், ஆனால் அது வாய்க்கால் ஓரத்தில் ஆளுயரம் வளரும் வேறு கோரை. உங்கள் பாத்தியில் இருப்பது நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று விற்கிறார்களே, அந்தச் செடி.

ஒன்றைப் பிடுங்காமல் சுற்றி மண்ணை விலக்கிப் பாருங்கள். இலைக்குக் கீழே விரல் கனத்தில் ஒரு முடிச்சு. அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு கிளம்பி, ஒரு சாணுக்குள் கறுப்பான சின்னக் கிழங்கில் முடியும். அந்தக் கிழங்கிலிருந்து அடுத்த கம்பி, அடுத்த கிழங்கு. இலையைப் பிடித்து இழுத்தால் முடிச்சுக்கு மேலேயே அறுந்துவிடும். கம்பி அறுந்தால் இன்னும் மோசம், அதுவரை தூங்கிக் கிடந்த கிழங்குகள் எல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஒன்றைப் பிடுங்கி நாலு வந்தது என்று சொல்வது சும்மா இல்லை.

கிழங்குக்கு இரண்டு பலவீனம். ஒன்று, வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். இரண்டு, நிழலில் வளராது.

பங்குனிக் கடைசியில் அந்தப் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். சித்திரையில் ஓரடி ஆழத்துக்கு மம்பட்டியால் வெட்டிப் புரட்டுங்கள். கிழங்கு பெரும்பாலும் மேல் அரையடிக்குள் இருக்கும், சிலது ஓரடி வரை போகும். கட்டியை உடைக்காமல் அப்படியே விடுங்கள். உங்கள் பக்கத்து வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத்தான் கிழங்கு காயும். வாரம் ஒரு தடவை கட்டியைத் திருப்பிப்போட்டுக் கண்ணில் படும் கிழங்கைப் பொறுக்குங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் நல்ல வெயில் கிடைத்தால் மேலே கிடந்தவை சுருங்கிக் கல்லாகிவிடும். பொறுக்கியதை மட்கு குழியில் போடாதீர்கள். மாடித் தளத்தில் இரண்டு வாரம் காயவைத்து எரித்துவிடுங்கள். இடையில் கோடை மழை பெய்தால் முளைப்பவற்றைச் சுரண்டிவிட்டு மறுபடி புரட்ட வேண்டியதுதான்.

இதில் தப்பியது மழைக்கு முளைக்கும். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் மூன்று வாரத்துக்குள், மண்ணுக்குச் சற்றுக் கீழே அறுத்துவிடுங்கள். முளைத்த கோரை முதல் சில வாரம் பழைய கிழங்கின் சேமிப்பைத் தின்றுதான் வளரும். அதன் பிறகுதான் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அறுத்தால் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். ஒரு தடவை தவறினால் கிழங்கு மறுபடி நிரம்பிவிடும். ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கூடவே நிழல். அந்த இடத்தில் ஒரு பருவம் கத்தரியை மறந்துவிட்டுச் சீனிக்கிழங்குக் கொடி போடுங்கள். இல்லையென்றால் தட்டைப்பயறு, சணப்பு. சணப்பை மூடுபயிராக விதைக்கும்போது சென்ட்டுக்கு 300 கிராம் வரை நெருக்கி விதைக்கலாம். பூக்கும் நேரத்தில் மடக்கி மண்ணில் போட்டால் உரமும் ஆச்சு. கறுப்பு பாலித்தீன் விரிப்பை நம்பாதீர்கள், கோரையின் முனை ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இப்படி இரண்டு மழைக்காலம் போக வேண்டும். ஒரு வருஷத்தில் கோரை போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவர் தோட்டத்தில் இருந்தது கோரையாக இருக்காது.

மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மெதைல் என்ற தூள் கரும்புக்காரர்களிடம் புழங்குகிறது, ஏக்கருக்கு 36 கிராம். காய்கறிப் பாத்திக்கு அது ஆகாது, கத்தரியையும் சேர்த்துக் கெடுக்கும். கிளைபோசேட் இலை வழியே இறங்கிக் கிழங்கைத் தொடும் மருந்துதான், ஆனால் அன்றைக்கு இலை விட்டிருக்கும் கிழங்கை மட்டும். மண்ணுக்குள் தூங்கும் கிழங்குக்கு அது போய்ச் சேராது. அதனால் மருந்து அடித்தாலும் ஒரே அடியில் தீராது. செடி எதுவும் இல்லாத காலி மனை முழுக்கக் கோரை என்றால், உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் கோரை ஒரு சாண் உயரம் வளர்ந்து பூக்கத் தொடங்கும் நேரமாக இருக்க வேண்டும். முன்னதாக அறுக்கக் கூடாது, அடித்த பிறகு இரண்டு வாரம் மண்ணைத் தொடக் கூடாது. அடித்த மறுநாளே ஆள் விட்டுக் கொத்தினால் மருந்து இலையோடு போய்விடும்.

பக்கத்து மனைக்காரர் புல் மருந்து அடித்தார். நாலு நாளில் எங்கள் தக்காளியும் முருங்கையும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டது. வைரஸ் நோய் என்கிறார் கடைக்காரர். எது உண்மை?
வாசகர், பணகுடி

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் 2,4-டி அடித்த காற்று பட்ட மாதிரி இருக்கிறது. அகல இலைக் களைகளைக் கொல்லும் மருந்து அது. புல்லையும் நெல்லையும் விட்டுவிடும். தக்காளி, பருத்தி, திராட்சை, அவரை வகை எல்லாம் அதற்கு மிகவும் இளகியவை, அடித்ததில் துளியளவு பட்டாலே முறுக்கிக்கொள்ளும்.

வைரஸா என்று பிரித்தறிய மூன்று விஷயம் பாருங்கள். வைரஸ் என்றால் தக்காளியில் மட்டும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கும். மருந்து என்றால் தக்காளி, முருங்கை, செம்பருத்தி என்று பல செடியும் ஒரே நாளில், காற்று வந்த பக்கத்தில் அதிகமாக, தள்ளிப் போகப் போகக் குறைவாக இருக்கும். புது இலை விசிறி மாதிரி குறுகி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நெருங்கி ஓடும். பழைய இலை அப்படியே இருக்கும்.

பாதிப்பு லேசாக இருந்தால் செடி மீளும். முறுக்கிய கொழுந்தைக் கிள்ள வேண்டாம். உரம் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். வழக்கம்போலத் தண்ணீர் விடுங்கள். மூன்று நாலு வாரத்தில் வரும் கொழுந்து நேராக இருந்தால் பிழைத்தது. தண்டு பிளந்து வெடித்திருந்தால் பிடுங்கிவிட வேண்டியதுதான். மருந்து பட்ட சமயத்தில் செடியில் இருந்த காயையும் முருங்கைக் கீரையையும் சமைக்காதீர்கள்.

பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் அங்கே களைக்கொல்லி அடிக்க நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது, விடியற்காலைகூட. 2,4-டியில் எஸ்டர் வகை என்றால் காற்றே இல்லாத நாளிலும் உச்சிவெயிலில் ஆவியாகி நகரும். பக்கத்து மனைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் இதைச் சொல்லுங்கள். அடுத்த தடவை புல் வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் செலவு பாதிப்பாதி.

இன்னொன்று: அவர் அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி உங்கள் கத்தரிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிடாதீர்கள். 2,4-டி தொட்டியிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டிக்கிடக்கும், சும்மா அலசினால் போகாது. களைக்கொல்லிக்கு ஒரு தெளிப்பான், மற்றதுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

போர்த் தண்ணீரில் கலந்து கிளைபோசேட் அடித்தேன். பதினைந்து நாளாகியும் அருகம்புல் அசையவே இல்லை. மருந்து போலியா?
வாசகர், திசையன்விளை

மருந்தைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உங்கள் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகம். கிளைபோசேட் அவற்றோடு ஒட்டிக்கொண்டால் இலைக்குள் இறங்காது. சேறு கலங்கிய குளத்துத் தண்ணீரிலும் இதே கதைதான், களிமண் துகள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்து, பிறகு மருந்து கலக்கச் சொல்வது இதற்காகத்தான். வாடிய புல், புழுதி படிந்த இலை, அடித்து ஆறு மணி நேரத்துக்குள் மழை, இவையும் வேலையைக் கெடுக்கும்.

இதைப் படித்துவிட்டு மறுபடி அடிக்கக் கிளம்ப வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்று மேலே சொல்லியாயிற்று. தேரி மணலில் அருகை எடுப்பது வண்டலைவிட எளிது: மழைக்கு மறுநாள் கைக்கே கொடி கொடியாக வரும். கணுவைத் துண்டாக்காமல் நீளமாக உருவுங்கள், ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. பிறகு வெயிலில் காயப்போடுங்கள்.

பாராகுவாட் அடித்தால் மறுநாளே கருகிவிடுகிறது. வேரில் இறங்காது, மண்ணிலும் தங்காது என்கிறார்கள். அப்படியானால் அதுதானே வீட்டுக்கு நல்லது? கிளைபோசேட்டைத்தான் புற்றுநோய் என்கிறார்களே.
வாசகர், அம்பாசமுத்திரம்

நீங்கள் சொன்னதில் முன்பாதி சரி. பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து அது, வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே வேலை தெரியும், மண்ணைத் தொட்டதும் களிமண்ணோடு ஒட்டி முடங்கிவிடும். வேருக்கு இறங்காததால் கோரையும் அருகும் இரண்டு வாரத்தில் சிரித்துக்கொண்டு எழும். அதாவது பன்னருவாள் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

பின்பாதி அபாயம். 24 சதவீதப் பாராகுவாட் ஒரு மிடறு உள்ளே போனாலே உயிர் போகலாம். முறிமருந்து கிடையாது. முதல் நாள் வாய்ப்புண், வாந்தி மட்டும் இருக்கும், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். சிறுநீரகமும் நுரையீரலும் நாட்கணக்கில் கெட்டு, மூச்சு முட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை. கேரளத்தில் 2011-இலேயே தடை. அதைக் குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வாங்கி வருவதும், அந்தப் பாட்டில் திண்ணையில் இருப்பதும் நம் ஊர்களில் நடக்கிற காரியம். குழந்தை இருக்கும் வீட்டு வாசலுக்குள் இந்த மருந்தே வரக் கூடாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தோலில் பட்டால் சட்டையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கிளைபோசேட் விஷயம்: உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் அதை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. விவாதம் முடியவில்லை. ஒரு மிடறில் ஆளைக் கொல்வதில் பாராகுவாட்டுக்கும் அதற்கும் ஒப்பே இல்லை என்பது மட்டும் விவாதமில்லாத விஷயம்.

உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து அடித்தால் இயற்கைக் களைக்கொல்லி என்று வீடியோவில் காட்டுகிறார்கள். செய்யலாமா?
வாசகி, வள்ளியூர்

வீடியோவில் காட்டுவது மறுநாள் கருகிய இலை. மாதம் கழித்துக் காட்டுவதில்லை. கடை வினிகரில் அமிலம் 5 சதவீதம் பக்கம்தான். சின்ன முளையை எரிக்கும், வேருள்ள செடி மறுபடி துளிர்க்கும். உப்பு மண்ணில் தங்கும். உங்கள் பக்கக் கிணறுகளில் ஏற்கெனவே உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, இதில் கிலோக்கணக்கில் நீங்களும் சேர்க்க வேண்டாம். தென்னை தாங்கும். எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லிகை இலை நுனி கருகத் தொடங்கினால் மண்ணை மீட்க வருஷமாகும். இயற்கை என்று பேர் வைத்ததால் மண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பார்த்தீனியம். பிடுங்கினால் கை முழுக்க அரிப்பும் தடிப்பும். இதற்காவது மருந்து அடிக்கலாமா?
வாசகி, சுரண்டை

அரிப்பு வந்துவிட்டது என்றால் இனி நீங்கள் அதைத் தொடக் கூடாது. ஒவ்வாமை தடவைக்குத் தடவை கூடும். தோல் மருத்துவரைப் பாருங்கள், பிடுங்கும் வேலையை வேறு ஒருவரிடம் விடுங்கள். அவரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

பிடுங்கும் பருவம் முக்கியம். கேரட் இலை போலத் தரையோடு வட்டமாகப் படுத்திருக்கும்போது, மண் ஈரமாக இருக்கும்போது, நடுத்தண்டைப் பிடித்து வேரோடு. மேலே அறுத்தால் பக்கத்தில் நாலு கிளை வெடித்துச் சீக்கிரம் பூக்கும். ஒரு செடியில் பத்தாயிரத்துக்கு மேல் விதை, காற்றிலும் தண்ணீரிலும் செருப்பிலும் போகும். அதனால் வெள்ளைப்பூ வந்த பிறகு பிடுங்குவது விதை தூவுவதற்குச் சமம். பூத்துவிட்டதா? அசைக்காமல் பெரிய பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்து, அடியில் அறுத்து, பையோடு கட்டி, வெயிலில் காயவைத்து எரியுங்கள். பூக்காத செடியை மட்கு குழியில் போடலாம்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் ஈரம் பட்டதும் திரும்ப வரும். துத்தி, ஆவாரை மாதிரி அடர்ந்து வளர்வதை அங்கே விதைத்துவிடுங்கள். சாலையோரம் ஏக்கர்க்கணக்கில் இருந்தால்தான் மருந்துப் பேச்சு. உங்கள் புறவாசலுக்கு ஒரு மழைக்காலத்தில் மூன்று நாலு பிடுங்கல் போதும்.

வயலில் ஆட்டுக்கிடை போட்ட மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் அள்ளி வந்து பாத்தியில் போட்டேன். இதுவரை இல்லாத களையெல்லாம் முளைக்கிறது, சீமைக்கருவேலங்கன்று உள்பட.
வாசகர், நாங்குநேரி

ஆடு தின்ற கருவேலங்காயின் விதை செரிக்காமல் புழுக்கையோடு வருகிறது. மேய்ச்சலில் தின்ற புல் விதையும் அப்படியே. எருவைக் குறை சொல்ல முடியாது, பச்சையாகப் போட்டதுதான் வினை. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரத்தில் குவியலாக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, சாக்கால் மூடுங்கள். நாலைந்து நாளில் நடுவே கடப்பாரையைச் செருகி வைத்து உருவினால் முனையைக் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் போதவில்லை, அல்லது குவியல் சிறியது. பத்து நாளைக்கு ஒரு தடவை வெளியில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள், மூன்று தடவை. பெரும்பாலான விதை வெந்துவிடும். கருவேல விதையின் ஓடு கெட்டி, சிலது தப்பும். அதை நாலு இலையில் ஈர மண்ணில் பிடுங்கினால் சுளுவாக வரும். ஒரு மாதம் விட்டால் ஆணிவேர் உங்களைவிடப் பிடிவாதம் பிடிக்கும். வளர்ந்த தூர் என்றால் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை. துளிர்க்கும் மொட்டெல்லாம் தரைக்குச் சற்றுக் கீழே தூர்ப்பகுதியில் இருக்கும். சுற்றித் தோண்டி ஓரடிக்குக் கீழே வேரை வெட்டித் தூரையே எடுத்துவிடுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றச் சொல்வார்கள், கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பாத்தியில் ஏற்கெனவே விழுந்த விதைக்கு ஒரு வழி: விதைக்குமுன் பாத்தி கட்டித் தண்ணீர் மட்டும் விடுங்கள். பத்து நாளில் முளைப்பதை மேலாகச் சுரண்டுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். அதன் பிறகு மண்ணைக் கிளறாமல் விதையுங்கள். கீரை, சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல களையெடுப்பு இல்லை. வெங்காயத்துக்கு முளைக்குமுன் அடிக்கும் பென்டிமெத்தலின் (30 சதவீதம், சென்ட்டுக்கு 13 மில்லி) உண்டுதான், ஆனால் அடுத்த பாத்தியில் தண்டங்கீரை விதைத்திருந்தால் அதுவும் முளைக்காது.

களை என்று பிடுங்குவதில் சமைக்கக்கூடியது எது எது?
வாசகி, மேலப்பாளையம்

பருப்புக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை இளம் இலை. மூக்கிரட்டையும் சாரணையும் படர்வதில் ஒன்றுபோல இருக்கும், இலை தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் சாரணை. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடந்த சில மாதத்தில் மருந்து அடித்த மண், சாக்கடை ஓரம், சாலையோரம் இந்த மூன்றிலும் பறிக்க வேண்டாம்.

வாசலில் பதித்த இன்டர்லாக் கல் இடுக்கில் புல். ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியவில்லை.
வாசகர், தென்காசி

கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கெட்டிலிலோ மூக்குள்ள பாத்திரத்திலோ இடுக்கு நெடுக மெதுவாக ஊற்றுங்கள், காலில் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. சோறு வடித்த கஞ்சியை ஊற்றாதீர்கள், எறும்பு வரும். இளம் புல் ஒரே ஊற்றில் போய்விடும், அருகுக்கு வாரம் ஒன்றாக மூன்று நாலு தடவை வேண்டும். புல் காய்ந்த பிறகு பழைய கத்தியால் இடுக்கைச் சுரண்டி, சேர்ந்திருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, சலித்த எம்-சாண்டைத் தூவி விளக்குமாற்றால் கூட்டி இறுக்குங்கள். இடுக்கில் மண் சேராவிட்டால் விதைக்குப் பிடிப்பில்லை. உங்கள் பக்கம் சாரல் ஆனியிலேயே தொடங்கிவிடும், அதற்கு முன் வைகாசியில் ஒரு தடவை இதைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.